பண்டிகை பிஸ்கட்டும் களத்துக் கேழ்வரகும்

ஆடியிலும் ஆவணியிலும் விதைத்த மானாவாரிக் கேழ்வரகு, கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வந்து சேருகிறது. அதையொட்டியே கிறிஸ்துமஸும் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்பண்டிகையைக் கொண்டாடும் சிறு விவசாயக் குடும்பங்கள் பல உண்டு. அங்கெல்லாம் பெரும்பாலும் நடப்பது என்ன? கேழ்வரகு மூட்டை விற்பனைக்குப் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி டவுன் பேக்கரிக்குப் போய், சிவப்பும் பச்சையும் பூசிய நட்சத்திர பிஸ்கட்டாக வீடு திரும்புகிறது. அதில் பெரும் பங்கு மைதா, சர்க்கரை, வனஸ்பதி ஆகிய மூன்றும்தான்.

2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைப்படி கேழ்வரகு குவிண்டால் 4,290 ரூபாயாக இருந்தது. அதாவது கிலோ 43 ரூபாய்கூட இருக்கவில்லை. அந்தப் பணத்துக்கு எந்தப் பேக்கரியிலும் ஒரு கிலோ பிஸ்கட் நிறுத்துத் தரமாட்டார்கள். சத்துக் கணக்கு இதைவிட மோசம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. மைதாவில் சுமார் 23 மில்லிகிராம்தான். எலும்பு வளரும் வயதுக் குழந்தைகளுக்கு வேண்டியதை விற்றுவிட்டு, வேண்டாததை வாங்கிக் கொடுப்பதாகவே இது முடிகிறது.

"கேழ்வரகு பிஸ்கட்டே கடையில் கிடைக்கிறதே" என்பார்கள். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின் அவ்வகைப் பொட்டலங்கள் பெருகியிருப்பது உண்மையே. ஆனால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எந்தப் பொருள் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். பல பொட்டலங்களில் மைதாவோ கோதுமை மாவோதான் முதலில் நிற்கிறது. கேழ்வரகு பின்னால் தள்ளி, சிறு சதவீதமாக இருக்கிறது. முன்பக்கத்துக் கதிர் படத்துக்குத்தான் விலை.

ஆகவே களத்தில் தூற்றி முடித்ததும், மூட்டை கட்டுமுன் ஐந்து கிலோ கேழ்வரகைப் பண்டிகைக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது. ஐந்து கிலோவை விற்றால் வரக்கூடியது இருநூறு ரூபாய்ச் சொச்சம். வைத்துக்கொண்டால் பண்டிகை பிஸ்கட் போக, தை வரைக்கும் கஞ்சிக்கும் ஆகும்.

கேழ்வரகை அப்படியே அரைப்பதைவிட முளைகட்டி அரைப்பது மேல். இரவு ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்தால் வெள்ளை முளை தலைகாட்டும். நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்துப் புடைத்து, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். தானியத்திலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பைட்டிக் அமிலம் முளைகட்டும்போது குறைகிறது. மாவில் சிறிது இனிப்பும் ஏறும். வெல்லத்தைக் குறைக்க இது கைகொடுக்கிறது.

ஆர்வத்தில் முழுக்கக் கேழ்வரகு மாவிலேயே சுடக்கூடாது. அதில் கோதுமையிலுள்ள ஒட்டும் புரதம் இல்லை, பிஸ்கட் உதிர்ந்துவிடும். குழந்தை ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டால் எவ்வளவு சத்து இருந்தும் பயனில்லை. கேழ்வரகு மாவு 100 கிராம், முழுக் கோதுமை மாவு 100 கிராம், வெண்ணெய் 90 கிராம், பொடித்த நாட்டுச் சர்க்கரை 70 கிராம், அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் குழைத்து, மற்றவற்றைச் சேர்த்து, இரண்டு மூன்று கரண்டி பால் தெளித்துப் பிசைய வேண்டும். அரை மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டினால் முப்பது பிஸ்கட் வரை வரும். நட்சத்திர அச்சு இல்லாவிட்டால் டம்ளர் விளிம்பே போதும்.

வனஸ்பதி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெயரில்லாமல் நிறுத்துக் கொடுக்கும் சரக்கில் என்ன இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? வீட்டில் மாடு இருந்தால் வெண்ணெய்க்குக் கடைக்கே போகவேண்டியதில்லை. அதுவும் கொழுப்புத்தான், அளவோடு இருக்கட்டும்.

ஓவன் இல்லாத வீட்டில் கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடேற்றி, உள்ளே ஒரு தாங்கியின் மேல் தட்டை வைத்து 20 முதல் 25 நிமிடம் சுடலாம். ஓவனில் 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கேழ்வரகு பிஸ்கட் முதலிலேயே கறுப்பாக இருப்பதால் பொன்னிறத்துக்காகக் காத்திருந்தால் கருகிவிடும். ஓரம் இறுகி, மணம் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

அலங்காரம் இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு அது கிறிஸ்துமஸ் பிஸ்கட்டே அல்ல. இதில் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடாது. கறுத்த பிஸ்கட்டின் மேல் வெள்ளை எள், கொப்பரைச் சீவல், தர்பூசணிப் பருப்பு எல்லாம் எடுப்பாகத் தெரியும். சுடுமுன் அழுத்திப் பதித்தால் போதும். நிறம் வேண்டுமானால் தோட்டத்திலேயே இருக்கிறது. பீட்ரூட் சாற்றை மாவில் கலந்தால் சூட்டில் மங்கிவிடும். மூன்று கரண்டி பொடித்த வெள்ளைச் சர்க்கரையைச் சில சொட்டுச் சாற்றில் குழைத்து, பிஸ்கட் நன்றாக ஆறிய பின், காகிதக் கூம்பில் இட்டு மெல்லிய கோடாக வரைய வேண்டும். முப்பது பிஸ்கட்டுக்கும் இது போதும். முழுக்கப் பூசினால் குறைத்த இனிப்பு திரும்ப வந்துவிடும். மஞ்சள் நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். சமையல் சோடா சேர்த்த மாவில் மட்டும் மஞ்சளைக் கலக்கக்கூடாது; செம்பழுப்பாக மாறிவிடும். பெயரில்லாத கலர்ப் பொடி பக்கமே போகவேண்டாம். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது.

நாட்டுச் சர்க்கரை பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று மருந்தல்ல. அதிலும் பெரும் பகுதி சர்க்கரையே. சிறிது தாது உப்பு இருக்கிறது, மணம் இருக்கிறது, அவ்வளவுதான். பிஸ்கட்டைச் சத்துள்ளதாக்குவது இனிப்பின் நிறமல்ல, அதன் அளவு. மகளிர் குழுக்கள் இதைச் செய்து விற்க முன்வந்தால் வரவேற்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, கேழ்வரகு இத்தனை சதவீதம் என்று மேலட்டையிலேயே போடட்டும். பெரிய கம்பெனிகளோடு போட்டி போட அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. ஆனால் "சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று எழுதி விற்பது மோசடி. ஒருமுறை பெயர் கெட்டால் அடுத்த ஆண்டு வாங்க ஆள் வராது.

மார்கழிப் பனியில் நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிஸ்கட் முழுக்க ஆறிய பிறகே இறுக மூடும் டின்னில் போட வேண்டும். சர்க்கரைக் கோடு வரைவதைப் பண்டிகைக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் பிஸ்கட் நமத்துப்போனால், கோடு போடுமுன் ஐந்து நிமிடம் இளஞ்சூட்டில் மறுபடி வைத்து எடுத்தால் மொறுமொறுப்புத் திரும்பிவிடும்.