படுக்க வைத்துப் பார்க்கும் பரீட்சை

விடியற்காலையில் புரண்டு படுத்த கணத்திலேயே அறை முழுவதும் சுழல, கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கண்களை இறுக மூடிக் கிடப்பவரைப் பார்த்து, பித்தம் என்று பாட்டியும், ரத்தக்கொதிப்பு என்று அண்டை வீட்டாரும், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று டாக்டரும் சொல்ல, கடைசியில் அவர் எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள்ளும் புகுந்து, ‘ஒன்றுமில்லை’ என்ற ரிப்போர்ட்டோடும் தீராத தலைசுற்றலோடும் வீடு திரும்புவது நம்மிடையே சகஜமாகிவிட்டது. யந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. உட்செவியில் தமக்குரிய ஸ்தானத்தை விட்டு நழுவி, அரைவட்டக் குழல் ஒன்றினுள் விழுந்து கிடக்கும் நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் அதன் பார்வைக்கு எட்டுபவை அல்ல.

அவற்றைக் காட்டிக்கொடுக்கும் பரீட்சையை 1952-இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்னும் இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். ரோகியைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி தாங்கிக்கொண்டு, அவருடைய கண்களையே உற்று நோக்க வேண்டும். சில விநாடிகள் ஒன்றும் நேராது; பிறகு விழிகள் வெட்டி வெட்டிச் சுழன்று, பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தாமே அடங்கிவிடும். ரோகி அச்சமயம் டாக்டரின் சட்டையைப் பிடித்துக்கொள்வதுண்டு. அதையும் ஒரு லக்ஷணமாகவே கொள்ளலாம். துகள்களை உருட்டிப் பழைய இடத்தில் சேர்க்கும் எப்ளி முறையையும் அதே கட்டிலில், அப்பொழுதே செய்துவிடலாம். பலருக்கு ஒரே தடவையில் குணம் தெரிகிறது. இவ்வளவு எளிய பரீட்சை ஏன் அபூர்வமாயிற்று என்றால், இதற்குத் தனிக் கட்டணமோ அச்சிட்ட ரிப்போர்ட்டோ இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

கண்ணைக்கொண்டு காதை அறியும் இந்த மார்க்கத்தில் முன்னோடி வியன்னாவின் ராபர்ட் பாரனி. காதில் விடும் நீர் குளிர்ந்திருந்தால் விழி ஒரு திசையிலும், சூடாயிருந்தால் எதிர்த்திசையிலும் துடிப்பதை ஆராய்ந்த அவருக்கு 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் ருஷ்யாவில் யுத்தக் கைதி! 30 டிகிரியிலும் 44 டிகிரியிலும் நீர் விட்டு ஒவ்வொரு காதையும் தனித்தனியே அளக்கும் பரீட்சை இன்றும் நடைபெறுகிறது. அதுவும், விழியசைவைப் பதிவு செய்யும் வீடியோக் கண்ணாடியும் அவசியமானவையே. ஆனால் கட்டில் பரீட்சைக்குப் பின்னர்தான் அவற்றின் முறை வரவேண்டும்.

பேச்சுக் குழறினாலும், காட்சி இரண்டாகத் தெரிந்தாலும், நிற்கவே இயலாமற்போனாலும் ஒரு கணமும் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதே. அங்கும் கண்ணுக்கு வேலையுண்டு. மணிக்கணக்கில் ஓயாத தலைசுற்றல் உள்ளவரின் தலையை மருத்துவர் வெடுக்கென்று சிறிது திருப்பும்போது, பார்வை இலக்கை விட்டு விலகிப் பின் திரும்பி வந்தால் பெரும்பாலும் பழுது காதில். விலகாமல் நிலைத்து நின்றாலோ, பக்கவாதம் மூளையில் புகுந்திருக்குமோ என்று அப்பொழுதுதான் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும், முதல் நாள் எடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தபோதிலும்.