சர்வர் எழுந்தது, வலை எழவில்லை

சங்கக் கட்டடத்தின் மூலையில் ஓசையிட்டுக் கொண்டிருக்கும் சர்வரை நாம் நாள்தோறும் எண்ணுவதில்லை. உறுப்பினர் முகவரி, நூலகக் கணக்கு, குருதி கொடுக்க இசைந்தோர் பட்டியல் யாவும் அதனுள்ளே இருக்கின்றன. மின்சாரம் நின்று வந்தபின் அது மீண்டும் எழும், விளக்கும் எரியும், ஆயினும் வேறெந்தக் கணிப்பொறியிலிருந்தும் அதனை அடைய இயலாது. இரவு பத்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு குடும்பத்தார் குருதி வேண்டினால், பட்டியல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தும் பயனில்லை. உற்றார் தொலைவிலிருக்க வாழும் நமக்கு இதனைச் சிறு தொல்லை என்று தள்ள மனம் வரவில்லை.

மறுதொடக்கமே பழுதை விளைத்தது எனப் பலர் கருதுவர். பெரும்பாலும் பழுது முன்னரே நேர்ந்திருக்கும். என்றோ ஒருநாள் ஓர் அன்பர் அவசரத்திற்காகக் கட்டளையிட்டு முகவரி தந்திருப்பார். அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்க மாட்டார். ஓடும் வரை குறையொன்றும் தெரியாது. நின்று எழுந்ததும் அம்முகவரி மறைந்துவிடும். ஆதலின் சென்ற முறை எழுந்த நாள்தொட்டு என்னென்ன மாற்றப்பட்டன என்று உசாவுதல் நலம்.

முதற்கண் பெட்டியின் பின்புறம் கேபிள் நுழையும் துளையருகே உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். எரியாவிடில் கேபிளையும் மறுமுனைத் துளையையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். விளக்கு எரிந்து, முகவரி மட்டும் 169.254 எனத் தொடங்குமாயின், முகவரி வழங்கும் ரூட்டர் மறுமொழி தரவில்லை என்பது பொருள். மின்சாரம் வந்தவுடன் சர்வர் முந்தி எழுந்து, ரூட்டர் பிந்தி எழுந்தால் இவ்வாறு நேர்வதுண்டு. சர்வருக்கு நிலையான முகவரி கொடுத்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

லினக்ஸ் சர்வரில் நேரும் குழப்பம் வேறு. முன்னாளில் நெட்வொர்க் அட்டைகள் ஈத்0, ஈத்1 எனக் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் பெயர் பெற்றன. அவ்வரிசை மாறுவதும் உண்டு. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு முதல், அட்டை செருகப்பட்டிருக்கும் இடத்தைக் கொண்டு ஈஎன்பி3எஸ்0 என்பதுபோற் பெயரிடும் முறை வந்தது. நல்ல ஏற்பாடுதான், எனினும் வேறொரு புதிய அட்டையைச் செருகினால் இட எண் நகர்ந்து, 3 என்பது 4 ஆகலாம். அமைப்புக் கோப்போ பழைய பெயரையே தேடிக் கொண்டிருக்கும். வண்டியை அது நிற்கும் நடைமேடையின் எண்ணால் அழைத்தால் என்னாகும் என்பது நம் இரயில்வே அன்பர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 'ஐபி லிங்க்' என்னும் கட்டளை இப்போதைய பெயரைக் காட்டும். கோப்பில் அதனை எழுதினாற் போதும். அட்டையிற் பொறிக்கப்பட்ட மேக் எண் பன்னிரண்டு இலக்கமுடையது. இடம் மாறினும் மாறாதது. பல லினக்ஸ் வகைகளில் பெயருக்கு மாற்றாக அவ்வெண்ணையே அடையாளமாகக் குறிக்கலாம். நாம் விரும்புவது இதுவே.

அக்கட்டளையில் அட்டையே தென்படாவிடில், 'எல்எஸ்பிசிஐ' கட்டளையால் தேடுக. அங்கே இருந்தால் அட்டை பிழைத்திருக்கிறது. இயக்கி நிரல்தான் ஏறவில்லை. புதிய கெர்னல் நிறுவப்பட்டு, மறுதொடக்கத்தில் முதன்முறை எழும்போது இது நிகழும். தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து அன்றைய வேலையை முடித்துக்கொண்டு, இயக்கியை மறுநாள் பார்க்கலாம்.

விண்டோஸ் சர்வர் சிற்சில வேளை எழும்போது தன் வலையைப் பொதுவலை எனக் கருதிக் காப்புச்சுவரை அடைத்துக்கொள்ளும். அட்டையை ஒருமுறை முடக்கி மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

இவற்றையெல்லாம் தொலைவிலிருந்து செய்ய முனையாதீர். இணைப்பு அறுந்தால் உள்ளே புக வழியிராது. திரையும் விசைப்பலகையும் பெட்டியருகே இருக்கட்டும். அட்டையின் பெயர், மேக் எண், முகவரி மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டுக. குருதி கொடுப்போர் பட்டியலையும் தாளில் ஒரு படி எடுத்துச் செயலாளர் வீட்டில் வைத்தல் வேண்டும்; அதனைச் சுவரில் ஒட்டலாகாது.