கணக்கைக் கல்லூரியிடம் கேளுங்கள்

"இந்தக் காலத்து டாக்டர் பசங்க கிராமத்துக்குப் போக மாட்டேங்கிறாங்க." மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் அலுப்பு இது. சொல்பவரின் பிள்ளை மட்டும் எந்த ஊருக்குப் போய்விட்டான் என்று கேட்கக் கூடாது. எனக்கு இந்தப் புகாரே தப்பான விலாசத்துக்குப் போகும் கடிதமாகத்தான் படுகிறது. 23 வயதுப் பையனிடம் தியாகம் கேட்கிறோம். அவனை உருவாக்கிய கல்லூரியிடம் கணக்குக் கேட்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1995இலேயே சொல்லிவிட்டது: மருத்துவக் கல்லூரியின் கல்வி, ஆராய்ச்சி, சேவை மூன்றும் சுற்றியுள்ள மக்களின் முக்கியமான நோய்ப் பிரச்சினைகளை நோக்கித் திரும்ப வேண்டும். 2022 ஜனவரியில் அரியலூர், கள்ளக்குறிச்சி உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, 1,450 இடங்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நான் மென்பொருள் எழுதுகிறவன். எதை அளக்கிறோமோ அதுதான் வளரும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இடங்களை எண்ணினால் இடங்கள் பெருகும். அரியலூரில் படித்தவர்களில் எத்தனை பேர் அரியலூரில் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று எண்ணினால்தான் மருத்துவர்கள் பெருகுவார்கள்.

தியாகம் கேட்காமலே இதைச் சாதிக்க நம்மிடம் ஒரு வழி இருந்தது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வா, மேலே படிக்கலாம் என்ற எளிய ஒப்பந்தம். 2017இல் மருத்துவக் கவுன்சில் விதிகளைக் காட்டி அதை நிறுத்தினார்கள். மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று நிலைநாட்ட, உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் 2020 ஆகஸ்ட் 31 தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. "தகுதி போயிடுமே" என்பவர்களுக்கு: அவர்களும் நீட் எழுதித்தான் வருகிறார்கள், சார்.

இதெல்லாம் கனவு என்பவர்கள் தரமணியில் இறங்கிப் பார்க்கலாம். ஐ.டி. பஸ்கள் தினமும் கடந்துபோகும் வி.எச்.எஸ். மருத்துவமனை, டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958இல் தொடங்கிய அமைப்பினுடையது. வருமானத்துக்கேற்பச் சந்தா, கிராமங்களில் சிறு சுகாதார மையங்கள், அவற்றில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகு யோசித்ததை, ஒரு கல்லூரி தன் பணிக்காலத்திலேயே யோசிக்க முடியாதா?

இன்றைய பாடத்திட்டம் மாணவர்களைக் கிராமக் குடும்பங்களைத் 'தத்தெடுக்க'ச் சொல்கிறது. யார் யாரைத் தத்தெடுத்தது? சோப்பு வாங்கும்போதும் வரி கட்டி, அரசுக் கல்லூரியில் அந்தப் பையனைப் படிக்கவைத்ததில் அந்தக் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே கேட்கலாம்: ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டதாரிகள் ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் இல்லாமல், ஊர் வாரியாக, வருடாவருடம் வெளியிடட்டும். மாவட்டத்தில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், அதற்கான ஆய்வுக் கூட்டத்தில் கல்லூரி முதல்வரும் உட்காரட்டும். படிக்கவைத்தவர்கள் கேட்கிற கணக்கு இது. இதில் கருணைக்கு வேலையில்லை.