தூண்டிலுக்கு முன் கண்!

காஷ்மீரில் பகல்காம் வழியாக லித்தர் ஆறு பாய்கிறது. அதில் "டிரவுட்" என்ற மீன் உண்டு. அது அந்த ஆற்றின் சொந்த மீன் அல்ல. வந்த மீன்! 1900-ம் ஆண்டு வாக்கில் ஸ்காட்லாந்தில் இருந்து முட்டையாகக் கொண்டு வந்து காஷ்மீரில் வளர்க்கப்பட்டது.

புதிதாகத் தூண்டில் போடுபவர் என்ன செய்கிறார்? ஆற்றைக் கண்டதும் கண்ட இடத்தில் வீசுகிறார். ஒன்றும் சிக்குவது இல்லை. "இந்த ஆற்றில் மீனே கிடையாது" என்று அலுத்துக் கொள்கிறார்.

மீன் இருக்கிறது. பார்க்கத்தான் தெரியவில்லை!

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும். வேகமான நீரை ஓயாமல் எதிர்த்து நீந்தினால் களைத்துவிடும். எனவே, பாறையின் மறைவில், வேக நீரும் மெது நீரும் சேரும் இடத்தில் நிற்கும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, மிதந்து வரும் பூச்சியைப் பிடித்துத் தின்னும். ஆகவே, அதன் பின்பக்கமாக, கீழே இருந்து மெதுவாக மேலே செல்ல வேண்டும். நிழல் நீரில் விழக்கூடாது.

இடம் தெரிந்ததும் ஆசை பெருகும். அங்கேதான் கட்டுப்பாடு வேண்டும். மீன்துறையின் "பெர்மிட்" வாங்கிய பிறகே தூண்டில் போட வேண்டும். சின்ன மீன் சிக்கினால், ஈரக் கையால் எடுத்து, மீண்டும் ஆற்றில் விட வேண்டும். இன்று விட்ட குஞ்சுதான் நாளை முட்டையிடும்.

எல்லோரும் வாரி எடுத்தால், வந்த மீன் போய்விடும். தண்ணீர் மட்டுமே மிஞ்சும்!