பாட்டு வேண்டும், பாடியவர் வேண்டாமா?

“பாடலைக் கேளுங்கள், பாடுபவரின் அந்தரங்கம் நமக்கெதற்கு?” என்போர் அதை நாகரிகம் என எண்ணிக்கொள்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் நாட்டார் மரபில் வந்த பாடகி ஜானிஸ் இயனின் வரலாற்றை அறிந்தவர்கள் அந்த நாகரிகத்தை எளிதில் நம்பமாட்டார்கள்.

1951 இல் பிறந்த இயன் தாமே எழுதிப் பாடிய ‘சொசைற்றீஸ் சைல்ட்’ 1966 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 15. வெள்ளையினச் சிறுமி ஒருத்தி கறுப்பின இளைஞனைக் காதலிப்பது அதன் பொருள். வானொலி நிலையங்கள் பல அதனை ஒலிபரப்ப மறுத்தன. 1967 ஏப்ரலில் இசைமேதை லெனாட் பேர்ன்ஸ்டைன் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைப் பாடவைத்த பின்னரே நாடு செவிசாய்த்தது. கலப்பினத் திருமணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாதவை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ அவ்வாண்டு ஜூனிலேதான். நீதிமன்றத்துக்கு முன்பே ஒரு சிறுமி தீர்ப்பெழுதிவிட்டாள்.

அழகில்லை என ஒதுக்கப்படும் பெண்களின் வேதனையைச் சொன்ன ‘அற் செவன்ரீன்’ 1975 இல் வெளிவந்து மறுவருடம் கிராமி விருது பெற்றது. அதையும் உலகம் கொண்டாடியது. ஆனால், பிறர் காதலுக்காக 15 வயதிற் குரல்கொடுத்தவர், தாம் ஒரு பெண்ணை நேசிப்பவர் எனப் பகிரங்கமாக அறிவித்தபோது வயது 42. 1993 இல் வந்த அந்த இசைத்தொகுப்பின் பெயரே ‘பிறேக்கிங் சைலன்ஸ்’, அதாவது மௌனத்தைக் கலைத்தல்.

அந்தரங்கம் என்பார்க்கு ஒரு கேள்வி. ஆணை மணக்கும் பாடகியின் திருமணப் படத்தை முன்பக்கத்தில் அச்சிடும்போது இந்த அறிவுரை எங்கே போகிறது? எங்கள் பத்திரிகைத் தொழில் ஒருவரின் காதலைச் செய்தி என்கிறது; மற்றவரின் காதலை அந்தரங்கம் என்கிறது. இதற்குப் பெயர் நாகரிகமன்று, பாரபட்சம்.

இயன் தம் துணைவியை மணந்தது 2003 இல், கனடாவின் ரொறன்ரோ நகரில். அவரது சொந்த நாடு முழுவதும் அத்தகைய திருமணம் சட்டபூர்வமானது 2015 இல். திருமணத்துக்காக எல்லை கடக்க நேர்ந்த ஒருவரிடம், “அதைப் பற்றிப் பேசாதீர்கள்” என்று சொல்ல எவருக்கு உரிமையுண்டு?

2022 இல் குரல்நாண் பாதிப்பினால் இயன் தம் இசைப்பயணத்தை நிறுத்தினார். நோய் கொணர்ந்த அந்த மௌனத்துக்கு இரங்குவோர், சமூகம் விதித்த முந்தைய மௌனத்தையும் சேர்த்தே எழுதட்டும்.