பெயர் என்பது வைப்புத்தொகை

"திருவரங்கத்துல இருந்துக்கிட்டு ஒயினைப் பத்தி எழுதப் போறீங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். குடிப்பதைப் பற்றி அல்ல, விளைவித்தவன் பெயரைக் காப்பாற்றுவதைப் பற்றி என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் திருச்சி சந்தையில் கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கிலோ வாங்கினேன். கடைக்கார அம்மா, "உப்பும் மஞ்சளும் போட்டு நல்லா ஊற வெச்சுக் கழுவிட்டுப் பேரனுக்குக் குடுங்க சார்" என்றார். நல்ல மனசு. ஆனால் அந்த வார்த்தை உறுத்தியது. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ரகம் அது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அப்படிப்பட்ட பழத்தை, விற்பவரே அப்படியே சாப்பிடுங்கள் என்று சொல்லத் துணியவில்லை.

பிரான்சில் பொஜோலே என்று ஒரு பகுதி. அங்கே 'காமே' திராட்சையில் சிவப்பு ஒயின் செய்கிறார்கள். 1395-இல் பர்கண்டி கோமகன், தன் நாட்டில் இந்தக் கொடியே கூடாது என்று ஆணையிட்டார். விரட்டப்பட்ட கொடிக்குத் தெற்கே இருந்த பொஜோலேயின் கருங்கல் குன்றுகள் ஒத்துப்போயின. குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் இட்டு மூடுவார்கள். கரியமில வாயு நிறைந்து, பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும். அதனால் துவர்ப்பு குறைவு, பழ வாசனை அதிகம். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சாதாரண மனிதருக்கும் கட்டுப்படியாகும். 1937-லேயே ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. எந்த ரகம், எந்த எல்லை என்பதோடு ஏக்கருக்கு எவ்வளவுதான் எடுக்கலாம் என்பதும் அதில் விதி.

ஆனாலும் சறுக்கினார்கள். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் புது ஒயினுக்கு உலகமெல்லாம் கிராக்கி வந்ததும், அவசர அவசரமாக ரசாயனம் போட்டு விளைச்சலைக் கூட்டினார்கள். சுவை போனது, பெயரும் போனது. 2001 அறுவடையில் ஒரு பகுதி விலைபோகாமல் அழிக்கப்பட்டது. பெயரை மீட்டதில் பெரும் பங்கு மோர்கோன் ஊர் மார்செல் லப்பியேர் போன்றவர்களுடையது. ரசாயன உரமும் களைக்கொல்லியும் வேண்டாம் என்று 1980-களிலேயே முடிவெடுத்தவர்கள் அவர்கள்.

முப்பது வருடம் வங்கியில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. புவிசார் குறியீடு என்பது ஊர்ப் பெயரில் தொடங்கிய கணக்கு, வெறும் பாஸ்புக். அதில் பணம் கட்டுவது உழவனின் ஒழுக்கம். கட்டாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் இருப்பு தீரும்.

குறியீடு கிடைத்த ஊர்களின் உழவர்களே கூடி உட்கார்ந்து விதி எழுத வேண்டும் என்பது என் கருத்து. எதைத் தெளிக்கக் கூடாது, எவ்வளவுக்கு மேல் விளைச்சலுக்கு ஆசைப்படக் கூடாது, யார் யார் தோட்டத்தைப் போய்ப் பார்ப்பது என்று எழுதுங்கள். அதிகாரி வந்து எழுதித் தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொள்ளிடக் கரையில் நான் போடும் பூவனுக்குக் குறியீடு கிடையாது. மண்டிக்குப் போனால் பத்தோடு பதினொன்றுதான். ஆனால் வீட்டுக்கே வந்து தார் வாங்கிப்போகும் நாலைந்து குடும்பங்கள் என்னிடம் கேட்பதெல்லாம், "எப்பப் பழுக்கும்?" என்பது மட்டும்தான். எப்படிக் கழுவுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.