நம்பிக்கை மையத்துக்குக் கதவுள்ள தனியறை கோரும் மனு

பெறுநர்: மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்கள்.
பொருள்: மாவட்டத் தலைமை மருத்துவமனை நம்பிக்கை மையத்தில், பேச்சு வெளியே கேட்காத ஆலோசனை அறை கோருதல் – தொடர்பாக.
பார்வை: இச்சங்கத்தின் முந்தைய மனுக்கள்.

ஐயா,

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கான மாவட்ட நலச் சங்கம், செயற்குழுத் தீர்மானப்படி இம்மனுவைப் பணிந்து சமர்ப்பிக்கிறது.

1. ஆலோசனை அறை

எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையம் இன்று இயங்குவது, புறநோயாளிகள் கூடத்தில் ஆளுயரப் பலகையால் தடுத்த ஒரு மூலையில். பலகைக்கு மேலே கூரைவரை திறப்புதான். இந்தப் பக்கம் ஆலோசகரின் மேசை. அந்தப் பக்கம், அதே பலகையில் முதுகு சாய்த்து, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்போர் பெஞ்சு. "வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?" என்று ஆலோசகர் எவ்வளவு தணிந்து கேட்டாலும் பெஞ்சில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். தரையும் சுவரும் டைல்ஸ் என்பதால் குரல் உறிஞ்சப்படாமல் எதிரொலிக்கிறது. சொந்த ஊர்க்காரரைப் பெஞ்சில் கண்டு பேசாமலே திரும்பிய உறுப்பினர்கள் உண்டு. பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ் ஏறி மாத்திரை வாங்குவோரும் உண்டு.

சங்கத்தின் முதல் மனு இதையே சொன்னது, பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்குப் பின் பச்சைத் துணித் திரை ஒன்று தொங்கியது. உள்ளே இருப்பவர் முகம் மறைந்தது, குரல் முன்போலவே கேட்கிறது. மூன்றாவது மனுவுக்கு, "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி வந்தது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவர் நம்பிக்கையின்பேரில் தெரிவித்த தொற்று நிலையை, சட்டம் விலக்களித்த சூழல்கள் நீங்கலாக, எழுத்தில் பதிவான அவரது தகவலறிந்த ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. நோயாளியைப் பேசச் சொல்லும் சட்டமே அந்தப் பேச்சைக் காக்கவும் சொல்கிறது. பதிவேட்டைப் பீரோவில் பூட்டிவிட்டு, அதில் உள்ளதைக் கூடத்துக்கே கேட்கும்படி பேசவைத்தால் 8ஆம் பிரிவு காக்கப்பட்டதாகாது.

ஆகவே, செங்கல் சுவர் கூரைத் தளம்வரை எழுப்பப்பட வேண்டும். பொய்க்கூரையோடு நின்றால் குரல் அதற்கு மேலே ஏறி அடுத்த அறைக்குள் இறங்கும். கனமான கதவு, அதன் அடியில் இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை, உட்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை ஆகியவை வேண்டும். சுவரை ஒட்டிப் பெஞ்சு போடக் கூடாது.

2. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து கவுன்டரில் பெயருக்குப் பதிலாக டோக்கன் எண் அழைக்கப்பட வேண்டும்.

3. கட்டிலருகே நோயின் பெயரை உரக்கச் சொல்லாதிருக்க வார்டு ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பப்பட வேண்டும்.

4. காத்திருப்போர் பகுதியில் மின்விசிறி பழுது நீக்கப்பட வேண்டும்.

முதல் கோரிக்கைக்கான மதிப்பீடு பொதுப்பணித் துறையிடம் எந்தத் தேதிக்குள் கேட்கப்படும் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்